பழைய சதுர பேலரில் முடிச்சு விழவில்லையா? ஸ்பேனரை வைத்துவிட்டு கயிற்றைப் பாருங்கள்

தை கடைசி, சம்பா அறுத்து முடித்த வயல். வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது, மேற்கே மேகம் கறுக்கிறது, லாரிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். வைக்கோலைக் கட்டாக்கும் எந்திரமான பேலர் தள்ளிய ஆறாவது கட்டு தரையில் விழும்போதே விரிந்து பரவுகிறது. ஒரு பக்கக் கயிறு இருக்கிறது, இன்னொரு பக்கக் கயிறு அவிழ்ந்து தொங்குகிறது. இந்த நேரத்தில் நம் ஆட்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, முடிச்சுப் போடும் பொறியான நாட்டர் மேல் ஏறி, கண்ணில் பட்ட ஸ்பிரிங் நட்டை எல்லாம் ஒரு சுற்று இறுக்குவது. நானும் செய்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் முடிச்சு விட்டுக்கொண்டிருந்த எந்திரத்தை அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் விடுகிற எந்திரமாக மாற்றிய பெருமை எனக்கு உண்டு.

டெல்டாவில் உருளைக் கட்டு போடும் பேலர்தான் அதிகம். அதில் முடிச்சு என்ற பேச்சே கிடையாது, கயிற்றைச் சுற்றிச் சுற்றி விட்டு அறுத்துவிடும், அவ்வளவுதான். அதனால் ஊரில் பேலர் மெக்கானிக் என்று பேர் எடுத்தவருக்கும் சதுர பேலரின் நாட்டர் பழக்கமில்லாமல் இருக்கலாம். பழைய சதுர பேலரை வாங்கி வைத்திருப்பவர் நாட்டரைத் தானே படித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பயப்பட வேண்டாம், உள்ளே மந்திரம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி 1870களில் கதிர் கட்டும் எந்திரத்துக்காக உருவாக்கிய முடிச்சுப் பொறியின் வழி வந்ததுதான் இன்றும் நம் பேலரில் ஓடுகிறது. 14க்கு 18 அங்குலக் கட்டு போடுகிற சின்ன சதுர பேலர்களில் இரண்டு கயிறு, இரண்டு நாட்டர். கம்பெனி எதுவாக இருந்தாலும் நான் சொல்லப்போகும் விஷயம் ஏறக்குறைய பொருந்தும். அளவும் இடைவெளியும் மட்டும் உங்கள் எந்திரத்தின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான்.

இனி ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டு அவிழ்ந்தால் ஓடிப்போய் அந்த அவிழ்ந்த கயிற்றின் இரண்டு நுனியையும் கையில் எடுங்கள். எந்த நுனியில் முடிச்சு இருக்கிறது, எதில் இல்லை, நுனி சுத்தமாக வெட்டுப்பட்டதா, பிய்ந்து நார் நாராக இருக்கிறதா, நசுங்கிய தடம் எங்கே. என்ன கெட்டது என்பதை அந்த நுனியே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் நட்டைத் திருகுவது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கிற கதை.

கை வைப்பதற்கு முன்

பிடிஓவை, அதாவது டிராக்டரிலிருந்து பேலருக்குச் சுழற்சி கொடுக்கும் தண்டை, விடுவித்து, டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிராக்டரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பேலரின் பிளைவீல், அந்தப் பெரிய சக்கரம், கனமானது, பிடிஓ நின்ற பிறகும் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அது முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். நாட்டர் ஒரு முறை இயங்குவது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும், அந்த நேரத்துக்குள் கயிறு கோர்த்த ஊசி கீழிருந்து மேலே வந்து போய்விடும், கத்தியும் அறுத்துவிடும். ஓடுகிற எந்திரத்தில் சிக்கிய கயிற்றைக் கையால் இழுத்துப் பார்ப்பதைப் போல மடத்தனம் வேறு இல்லை.

சோதனை எல்லாமே கையால் சுற்றித்தான். பிளைவீலை அது ஓடுகிற திசையிலேயே கையால் சுற்றுங்கள், எதிர்த்திசையில் வேண்டாம். ஒருவர் சுற்ற, இன்னொருவர் பார்க்க. பார்ப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கட்டும், அவர் 'நிறுத்து' என்றால் சுற்றுபவர் உடனே நிறுத்த வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கூட நிற்பது நம் வீட்டுப் பையனாகத்தான் இருப்பான், ஆர்வத்தில் கையை நீட்டிவிடுவான்.

முடிச்சு விழும் விதம்

கயிறு பெட்டியிலிருந்து கிளம்பி, இழுவை கொடுக்கும் ஸ்பிரிங் தகட்டைத் தாண்டி, வைக்கோல் கட்டாகும் அறைக்குக் கீழே இருக்கும் ஊசியின் கண் வழியாக மேலே வந்து, அதன் நுனி நாட்டரில் இருக்கும் ஒரு பல் வைத்த வட்டில் கவ்வப்பட்டு நிற்கிறது. வட்டையும், அதன் மேல் அழுத்தி நிற்கும் பிடியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் நிறைய நிறைய கட்டு பின்னால் நகர்கிறது, கயிறு அதன் மேற்புறம், பின் முகம், அடிப்புறம் என்று அதைச் சுற்றிக்கொண்டே நீள்கிறது. அளவு சக்கரம் போதிய நீளம் வந்தது என்று கொக்கியைத் தட்டியதும் ஊசி எழும்பி, கட்டின் முன் முகத்தை ஒட்டிக் கயிற்றை மேலே கொண்டுவந்து அதே வட்டில் படுக்க வைக்கிறது. இப்போது நாட்டரில் இரண்டு இழை. ஒன்று ஏற்கெனவே வட்டில் இருந்தது, கட்டின் மேற்புறமாகப் பரவி வருவது. இன்னொன்று ஊசி இப்போது கொண்டுவந்தது. இதை வட்டு இழை, ஊசி இழை என்று சொல்கிறேன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அடுத்து விரல் போன்ற ஒரு கம்பி ஊசி இழையைத் தள்ளி வட்டு இழையோடு சேர்க்கிறது. பில் ஹூக் என்று ஒன்று இருக்கிறது, பறவையின் அலகு போலவே இருக்கும், அதனால் அலகு என்றே எழுதுகிறேன். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரண்டு இழையையும் தன் மேல் வளையமாகச் சுற்றிக்கொள்கிறது, சுற்றி முடிக்கும்போது வாயைத் திறந்து இரண்டு இழையையும் கவ்வுகிறது. வாயின் மேல்பாதிதான் நாக்கு, அதை அழுத்தி வைப்பது ஒரு ஸ்பிரிங். அலகுக்கும் வட்டுக்கும் நடுவில் கத்தி அறுக்கிறது. கத்தி பொருத்தியிருக்கும் கை, அதாவது வைப்பர், அலகின் மேல் உரசிக்கொண்டே போய் வளையத்தை வழித்துத் தள்ளுகிறது. வாய் கவ்விய நுனிகள் உள்ளேயே நிற்க, வளையம் அவற்றின் மேல் இறங்கி இறுகுகிறது. முடிச்சு.

ஊசி கீழே போகும்போது புதிய கயிற்றின் நுனி வட்டில் மாட்டியபடி அடுத்த கட்டுக்குத் தயார். முதல் தடவை இதைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தபோது அரை மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், பாருங்கள், நன்றாக ஓடுகிற பக்கத்தை முதலில் பாருங்கள்.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா

இரண்டு நாட்டர் இருப்பது நமக்குப் பெரிய வசதி. ஒன்று மட்டும் கெட்டால் மற்றது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாதிரி. ஸ்பிரிங் எவ்வளவு வெளியே நிற்கிறது, வைப்பர் எங்கே நிற்கிறது, வட்டின் பல் எந்த நிலையில் ஓய்கிறது, இரண்டையும் ஒப்பிட்டாலே பல நேரம் விடை கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒன்றாகக் கெட்டால் நாட்டரைத் தொடாதீர்கள். இரண்டு நாட்டரும் பேசி வைத்துக்கொண்டு கெடாது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. புதுக் கயிறு, ஈர வைக்கோல், கட்டின் இறுக்கம், பிடிஓ வேகம், ஊசிச் சட்டம்.

கயிறுதான் இதில் முதல் சந்தேகம். பழைய நாட்டர்கள் சிசல் என்ற கற்றாழை நார்க் கயிற்றுக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊரில் கிடைப்பது சணல், இல்லையென்றால் பிளாஸ்டிக் கயிறு. மலிவுச் சணல் ஒரு முழம் பருமனாக, அடுத்த முழம் சன்னமாக இருக்கும். சன்னமான இடம் வட்டுக்கு வரும்போது வழுக்கும், பருமனான இடம் வரும்போது சிக்கும். பிளாஸ்டிக் ஒரே பருமன், ஆனால் வழவழப்பு, பிடி இன்னும் கொஞ்சம் இறுக்கமாகவும் கத்தி நல்ல கூராகவும் இருந்தால்தான் நிற்கும். ஆகவே கயிறு வகையை மாற்றினால் பிடியின் இறுக்கமும் மாற வேண்டும். ஒரு பக்கம் சணல், மறுபக்கம் பிளாஸ்டிக் என்று ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அவரவர் தலைவிதி. (பிளாஸ்டிக் என்றால் கட்டைப் பிரிக்கும்போது துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள், மாடு தின்றால் வயிற்றிலேயே தங்கிவிடும்.)

கயிற்று உருண்டையை உள்ளிருந்து உருவ வேண்டும். முதல் உருண்டையின் வெளி நுனியை அடுத்ததின் உள் நுனியோடு சேர்க்கும் முடிச்சு சின்னதாக இருக்கட்டும், மிச்ச நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள். பெரிய முடிச்சு ஊசிக் கண்ணில் மாட்டும். பிளாஸ்டிக்கில் சாதாரண முடிச்சு தானாகவே நழுவும், இரண்டு சுற்றுப் போட்டு இறுக்குங்கள். போன வருடக் கயிறு வெயிலில் கிடந்ததா, எலி கடித்ததா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் நாட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் உருண்டைக்குள் எலி கடித்த இடத்தைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வைக்கோல் ஈரம் இன்னொன்று. பனி காயாத காலையில் வைக்கோல் துவண்டு கனத்துக் கிடக்கும், கட்டு கனமாகும், கயிற்றின் மேல் இழுவை கூடும், அதே அமைப்பில் மத்தியானம் பிரச்சினையே இருக்காது. பனி காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். வரிசையின் ஒரு ஓரத்தை மட்டும் எந்திரம் தின்றுகொண்டு போனால் கட்டு வாழைப்பழம் போல வளையும், ஒரு பக்கக் கயிறு தளரும், அது நாட்டரின் குற்றமே இல்லை.

சுத்தம் செய்தாலே போகும் வியாதி

அறுவடை எந்திரம் விட்டுப்போன வைக்கோலில் கூளமும் சண்டும் அதிகம். அது நாட்டர் மேல் மெத்தை போல உட்காரும், விரல் ஓடும் பாதையில் அடைக்கும், வட்டின் பல்லுக்குள் இறுகும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை காற்று அடித்தோ துடைப்பத்தாலோ தட்டிவிடுங்கள். வட்டுக்கும் பிடிக்கும் நடுவில் பழைய கயிற்றுத் துணுக்கு மாட்டியிருந்தால் பிடி சரியாக உட்காராது, சின்னக் கம்பியால் நோண்டி எடுங்கள்.

அடுத்து துரு. பழைய பேலரில் சீசன் முதல் நாள் வரும் தகராறில் முக்கால்வாசி இதனால்தான் என்பது என் கணிப்பு. ஓடிக்கொண்டே இருக்கும் எந்திரத்தில் கயிறே அலகை உரசி உரசிக் கண்ணாடி போல வைத்திருக்கும். எட்டு மாதம் கொட்டகையில் நின்றால் அதன் மேல் பொரி பொரியாகத் துரு ஏறும், வளையம் வழுக்கி இறங்காது. நைசான உப்புத்தாளைக் கீற்றாகக் கிழித்து, கயிறு ஓடுகிற திசையிலேயே தேய்த்து மினுக்குங்கள். அரத்தைக் கொண்டு போகவே வேண்டாம், அலகின் வடிவம் போனால் போனதுதான். தேய்த்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் அந்த அலகு ஓய்வு கேட்கிறது என்று பொருள்.

கிரீஸ் வைக்கும் நிப்பிள்களைத் தேடித் தேடி வையுங்கள், ஆனால் வட்டிலும் பிடியிலும் எண்ணெய்ப் பசை படக் கூடாது. அங்கே வேலையே கயிறு வழுக்காமல் பிடிப்பதுதான்.

நுனி என்ன சொல்கிறது

சரி, சுத்தம் செய்தாயிற்று, கயிறும் நல்ல கயிறு, இன்னும் ஒரு பக்கம் விடுகிறது. அவிழ்ந்த கயிற்றை எடுங்கள். கட்டின் மேற்புறமாகப் பரவி வருவது வட்டு இழை, அடியிலிருந்து முன் முகத்தில், அதாவது வைக்கோலை இடித்துத் தள்ளும் பிளஞ்சர் பட்ட முகத்தில், ஏறி வருவது ஊசி இழை.

ஊசி இழையில் முடிச்சு இருக்கிறது, வட்டு இழையின் நுனி மொட்டையாக இருக்கிறதா? அலகு சுற்றுவதற்கு முன்பே வட்டிலிருந்து அது நழுவிவிட்டது. இப்போது அந்த மொட்டை நுனியை உற்றுப் பாருங்கள், ஏனென்றால் இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். நுனி சுத்தமாக, போன கட்டில் கத்தி வெட்டியபடியே இருந்தால் பிடி தளர்வு, ஸ்பிரிங்கைக் கால் சுற்று இறுக்குங்கள். நுனி பிய்ந்து நாராக, கடித்துத் துப்பியது போல இருந்தால் பிடி அதிக இறுக்கம், கயிற்றை அதுவே நசுக்கி அறுத்துவிடுகிறது, அப்போது தளர்த்த வேண்டும். தளர்த்தியும் பிய்ந்தே வந்தால் வட்டின் பல் ஓரம் கூராகியிருக்கும், அந்த ஓரத்தை மட்டும் லேசாக உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள். நார் நாராக வந்ததைப் பார்த்துவிட்டு 'நழுவுகிறது' என்று மேலும் இறுக்கியதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பெருமை.

வட்டு இழையில் மட்டும் முடிச்சு, ஊசி இழையில் இல்லை. இது வேறு கதை. ஊசி கொண்டுவந்த இழை அலகின் வழிக்கே வரவில்லை. பிடியையோ நாக்கையோ தொடாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை. கையால் சுற்றி, விரல் முழுத் தூரமும் போகிறதா, பாதியில் கூளம் தடுக்கிறதா, எப்போதோ ஏதோ இடித்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசியும் வளைந்திருக்கலாம், தரையில் வரப்பு தட்டிய எந்திரங்களில் சகஜம். ஊசி மேலே வரும்போது இழையை வட்டின் பல்லுக்குள் படுக்க வைக்கிறதா, அல்லது பல் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேராமல் தள்ளி நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். பல் தள்ளி நின்றால் வட்டைச் சுற்றும் வோர்ம் கியரின் அமைப்பைத் திருத்த வேண்டும். கயிற்றுப் பெட்டி இழுவை ரொம்பத் தளர்ந்திருந்தாலும் இழை தொங்கி வளைந்து விரலுக்கு அகப்படாது, அது இரண்டு நிமிட வேலை என்பதால் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு நுனியிலும் முடிச்சு இல்லை, ஆனால் இரண்டும் சுத்தமாக வெட்டுப்பட்டு, சுருண்ட தடம் இருக்கிறது. அலகு சுற்றியிருக்கிறது, கத்தி அறுத்திருக்கிறது, வாய் மட்டும் நுனிகளைக் கெட்டியாகக் கவ்வவில்லை. நாக்கு ஸ்பிரிங்கைக் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கு மசியவில்லை என்றால் நாக்கின் பின்னால் இருக்கும் சின்ன உருளை தேய்ந்து வாய் போதுமான அளவு திறக்காமல் இருக்கும், கையால் சுற்றும்போது வாய் திறப்பதை நேருக்கு நேர் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் அலகிலேயே தொங்குகிறது, கட்டு நகரும்போது பட்டென்று அறுகிறது. இது எனக்குப் பிடிக்காத வியாதி, ஏனென்றால் காரணம் மூன்று நான்கு. துரு முதல் காரணம், அதைத்தான் மேலே பார்த்தோம். நாக்கு ஸ்பிரிங் அதிக இறுக்கம் இரண்டாவது, வாய் கவ்வியதை விட மாட்டேன் என்கிறது. மூன்றாவது வைப்பர். அது அலகின் முதுகை உரசிக்கொண்டு போக வேண்டும், இடைவெளி இருந்தால் கயிறு அதற்கு அடியில் புகுந்துகொள்ளும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி, அலகின் மேல் மார்க்கர் மை பூசிவிட்டு ஒரு சுற்று கையால் சுற்றுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. ஒரு ஓரம் மட்டும் அழிந்தாலோ அழியவே இல்லை என்றாலோ வைப்பரை வளைக்க வேண்டும். ஆமாம், வளைப்பதுதான், பல பழைய எந்திரங்களில் அதற்கு வேறு திருகு கிடையாது. கொஞ்சம் வளைத்து, மை பூசி, சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். ஒரே அடியில் சரி செய்ய நினைத்தால் வைப்பர் உடைந்து கையில் வரும். வைப்பர் தன் ஓட்டத்தின் கடைசியில் நாக்கு நுனியைத் தாண்டிப் போகிறதா என்றும் பாருங்கள், அதற்கு முன்னமே நின்றால் வளையம் முழுதாக இறங்காது.

அலகில் சுற்றிக்கொண்டு நிற்கும் கயிற்றை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். கத்தியால் வெட்டி ஒவ்வொரு துண்டாக எடுங்கள். ஒரு துணுக்கு மிச்சம் இருந்தாலும் அடுத்த முடிச்சு கெடும், அப்புறம் புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நுனி இரண்டில் ஒன்று குட்டை, ஒன்று நீளம், அதுவும் பிய்ந்த மாதிரி என்றால் கத்தி மழுங்கிவிட்டது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், இரும்பைத் தேய்த்துவிடும், அந்தத் தூசியில் ஓடுகிற கத்திக்குக் கூர் சீக்கிரம் போகும். சரிவாக இருக்கும் பக்கத்தை மட்டும் எண்ணெய்க்கல்லில் தீட்டுங்கள், தட்டையான பக்கத்தைத் தொடாதீர்கள். கூர் இல்லாத கத்தி அறுப்பதற்குப் பதில் இழுக்கும், இழுத்தால் வட்டிலிருந்து இழை உருவும், நீங்கள் பிடியைக் குறை சொல்லி அதை இறுக்குவீர்கள். ஆக, பிடி விஷயத்தில் முடிவுக்கு வருவதற்கு முன் கத்தியைப் பாருங்கள்.

முடிச்சு அப்படியே இருக்க, கயிறு வேறு இடத்தில் அறுந்திருந்தால் நாட்டருக்கு நன்றி சொல்லிவிட்டு அறைக்குள் குனியுங்கள். கட்டை இறுக்கும் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம், அறை ஓரத் தகடு கூராகியிருக்கலாம். கட்டு பின்வாங்காமல் தடுக்கும் ஸ்பிரிங் கொக்கிகள் துருப்பிடித்து உள்ளேயே மடங்கி நின்றாலும் வைக்கோல் திரும்பித் தள்ளி ஊசியையும் கயிற்றையும் நசுக்கும்.

எதைத் திருகினாலும் கால் சுற்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நட். திருகும் முன் பெயின்டாலோ மார்க்கராலோ ஒரு கோடு போடுங்கள், அப்போதுதான் பழைய இடத்துக்குத் திரும்ப முடியும். திருகிய பிறகு மூன்று நான்கு கட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நட்டைத் தொட வேண்டும். செல்போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் எந்திரம் ஓடும்போது தள்ளி நின்று, ஜூம் செய்து நாட்டரைப் படம் பிடியுங்கள். கையால் சுற்றும்போது ஒழுங்காக இருந்து ஓட்டத்தில் மட்டும் கெடுகிற தகராறை இப்படித்தான் பிடிக்க முடியும்.

நாட்டரே இயங்கவில்லை, அல்லது நிற்கவே இல்லை

கட்டு முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போனால் அளவு சக்கரத்தின் பல் வைக்கோலில் பதியாமல் வழுக்குகிறது, இல்லை கொக்கி தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு இடிக்கும் நாட்டர் இயங்கிக்கொண்டே இருந்தால் கொக்கி திரும்பித் தன் இடத்தில் உட்காரவில்லை, கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

நாட்டர் தண்டில் ஒரு பிரேக் இருக்கும், பலர் இருப்பதையே மறந்துவிடுவார்கள். ஊசி கீழே போனதும் அங்கேயே நிற்க வைப்பது அதுதான். அது தளர்ந்தாலோ கிரீஸ் பட்டு வழுக்கினாலோ ஊசி மெல்ல மேலே ஊர்ந்து அறைக்குள் தலை நீட்டும். ஊசி அறைக்குள் இருக்கும்போது பிளஞ்சர் வந்து இடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்புத் தடுப்பு உள்ளே வந்து நிற்கும், பிளஞ்சர் அதில் மோதும், பிளைவீல் ஷியர் போல்ட் அறும். காரணமில்லாமல் ஷியர் போல்ட் அறுந்துகொண்டே இருக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் இந்தப் பிரேக்கைப் பார்க்கட்டும். போல்ட் அடிக்கடி அறுகிறதே என்று கடையில் கெட்டியான போல்ட் வாங்கிப் போடுவது பெரும் தவறு. அது அறுவதற்காகவே இருக்கிறது, அது அறாவிட்டால் ஊசி உடையும், பழைய எந்திரத்துக்கு ஊசி தேடி அலைவது எவ்வளவு சிரமம் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். அளவு ஒன்றாக இருந்தால் போதாது, கையேடு சொல்லும் தரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஊசிக்கும் பிளஞ்சருக்கும் உள்ள நேரக் கணக்கு செயினையோ கியரையோ கழற்றினால் மாறிவிடும். கழற்றும் முன் இரண்டு பற்களிலும் பெயின்ட் பொட்டு வையுங்கள். வைக்காமல் கழற்றிவிட்டீர்கள் என்றால் கையேட்டின் குறியைப் பார்க்காமல் ஊகத்தில் மாட்டி டிராக்டரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், முதல் கட்டிலேயே இரண்டு ஊசியும் போகும். கியர் ஆட்டம், ஷிம் போடுவது, அலகுத் தண்டின் புஷ் மாற்றுவது இவையெல்லாம் வயலில் செய்யும் வேலை இல்லை, நாட்டரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

எல்லாம் சரி செய்து கயிற்றைப் புதிதாகக் கோர்க்கும்போது ஒன்று. ஊசி வழியாக வந்த நுனியைக் கையேடு காட்டும் இடத்தில் சட்டத்தில் கட்டிவிட்டு, கொக்கியைக் கையால் தட்டி, பிளைவீலைச் சுற்றி நாட்டரை ஒரு முறை இயக்குங்கள். ஊசியே கயிற்றை வட்டில் மாட்டிவிடும். அலகில் மிஞ்சும் துண்டை எடுத்துவிட்டுத்தான் டிராக்டரில் ஏற வேண்டும்.

சீசன் முடிந்து நிறுத்தும்போது நாட்டரைக் காற்று அடித்துச் சுத்தம் செய்து, அலகுக்கும் வட்டுக்கும் கத்திக்கும் கிரீஸ் தாராளமாகப் பூசி, சாக்கால் மூடுங்கள். கயிறு உருண்டைகளைப் பெட்டியிலேயே விடாமல் எலி ஏறாத இடத்தில் தகர டிரம்மில் போட்டு மூடி வையுங்கள். அடுத்த வருடம் எடுக்கும்போது அந்த கிரீஸ் முழுவதையும் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, கூடவே அலகை உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முதல் கட்டைப் போடுங்கள்.